ஜும்மா முடிந்தும் திறக்காத வாசல்

பயப்படுவதற்கு ஒரு போட்டி வைத்தால் உத்தமபாளையம் பெனாசிரை அடிக்க ஆள் கிடையாது. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், மேனேஜர் முறைத்தால் பயம், அவர் சிரித்துவிட்டால் அதைவிடப் பயம். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று பழமொழி சொல்கிறது. சொன்னவன் பெனாசிரைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அவள் பயங்களிலேயே பெரியது ஒன்று உண்டு. கேட்டதற்குப் பதில் வராமல் போவது. அவளுடைய அத்தா குமுளி மலை ஏறி கட்டப்பனைக்கு லாரி ஓட்டியவர். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஒரு மழைநாளில், போன வண்டி திரும்பவில்லை. அவர் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்கு அம்மா பாத்திமா போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "வண்டி கவுந்திருச்சுன்னாவது ஒருத்தன் சொல்லித் தொலைய மாட்டானா, அல்லா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் அத்தா சாவகாசமாக ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். மலையில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதாம். பலாப்பழத்தைத் தின்று எல்லோரும் அதை மறந்துபோனார்கள். பெனாசிர் மட்டும் அந்த மணிச்சத்தத்தை மறக்கவில்லை.

கணினி படித்து முடித்ததும் பழனிசெட்டிபட்டியில் ஓர் ஏலக்காய் ஏல நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சர்வரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பயந்த சுபாவம் அந்த வேலைக்குத் தோதாகத்தான் இருந்தது. மற்றவர்கள் ஒரு நகல் எடுத்து வைத்தால் இவள் இரண்டு எடுத்து வைப்பாள். பூட்டிய அறையைத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். மேனேஜர் கர்ணன், "இந்தப் பிள்ளை இருக்கையில சர்வருக்குக் காவல் நாய் எதுக்கு?" என்று கேலி செய்வார். நாய் என்ற சொல்லுக்கே அவள் திரும்பிப் பார்ப்பாள்.

சர்வர் பழனிசெட்டிபட்டியில் இருந்தாலும் ஏலம் நடப்பது கம்பத்தில். அங்கே ஒரு பெரிய கூடத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மலைத் தோட்டத்துக் காய் ஒவ்வொரு குவியலாக, லாட்டு லாட்டாக ஏலத்துக்கு வரும். மாதிரித் தட்டில் காயை உருட்டிப் பார்த்து, முகர்ந்து, பட்டனைத் தட்டி விலை ஏற்றுவார்கள். கூடத்தின் முகப்பில் ஒரு பெரிய திரை. அது அந்த வருடம், இரண்டாயிரத்து ஒன்பதில்தான் வந்தது. லாட்டு மாறும்போதெல்லாம் சர்வரைக் கேட்டுப் புது விலையை வாங்கிக் காட்டும். கூடத்துக் கணினிகள் எல்லாமே ஒரே ஒரு கம்பி வழியாகத்தான் சர்வரோடு பேசின.

கூடத்தில் வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எழுதிவைத்த சட்டம் அல்ல. பாய்மார் ஜும்மா தொழப் போயிருக்கும் நேரத்தில் சுமாரான காயை மட்டும் எடுப்பார்கள். பருத்த, பச்சை மாறாத காயெல்லாம் அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் ஏலத்துக்கு வரும். பாய்மாரிடமும் ஒரு வழக்கம் உண்டு. அவர்களில் மூத்தவர் அபுபக்கர் சொல்வார்: "தொழுகைக்குப் போகையில யாவாரம் மூச்சு விடக் கூடாது." ஆகவே எழுந்து போகும்போது ஆளுக்காள் கணினியை முழுதாக அணைத்துவிட்டுத்தான் போவார்கள். மற்ற வியாபாரிகள் சாப்பிடப் போனாலும் கணினி அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இந்த நல்ல வழக்கம் இரண்டும் சேர்ந்துதான் ஒரு ஆளின் தலையில் கல்லைப் போட்டன.

ஒரு வெள்ளிக்கிழமை பாய்மார் தொழுதுவிட்டு வந்து கணினியைப் போட்டார்கள். திரையில் 'இணைகிறது' என்று வந்தது. அப்படியே நின்றது. பிழை என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர்கள் கண்ணெதிரே நல்ல லாட்டெல்லாம் மற்றவர்கள் கைக்குப் போனது. தேநீருக்கு ஏலத்தை நிறுத்தியதும், ஒன்றுமே நடக்காததுபோல எல்லாக் கணினியும் சர்வரோடு சேர்ந்துகொண்டது. பெனாசிர் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த வெள்ளியும் அதே கதை. கம்பியை மாற்றினாள், இணைப்புப் பெட்டியை மாற்றினாள், தூசி தட்டினாள். அவள் பார்க்கும் நேரமெல்லாம் பேய் ஒளிந்துகொண்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் கூடத்திலேயே இருந்தாள். சர்வருக்கு வந்துபோகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பதிந்துவைக்க ஒரு நிரலை ஓடவிட்டுத்தான் வந்திருந்தாள். மறுபடியும் பாய்மார் கணினிகள் மட்டும் நின்றன. பெரிய வியாபாரி சீனிச்சாமி, "பாய்மாருக்கு எப்பப் பாத்தாலும் ஒரு பிராது" என்று சிரித்தபடி பருத்த காயாக வளைத்துப்போட்டார். அதற்கு மேல் அபுபக்கரால் பொறுக்க முடியவில்லை.

கூடத்தைத் திறந்து பூட்டி, கணினிகளைப் போட்டு அணைத்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் சுருளியாண்டி. காலையில் முதல் ஆளாக வந்து, பெரிய திரைக்குச் சூடம் காட்டி அதைப் போட்ட பிறகுதான் மற்ற கணினிகளைத் தொடுவார். சீனிச்சாமி சொல்லித்தான் அவருக்கு அந்த வேலை கிடைத்தது. இது ஊருக்கே தெரியும்.

"ஏலே சுருளி!" அபுபக்கர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நாங்க அங்கிட்டுப் போனதும் இங்கன எங்க வயரைப் புடுங்குறியா? ஒங்க ஆளுகளுக்கு வேலை பாக்குறியாடா?"

சுருளியாண்டிக்கு முகம் செத்துப்போனது. "ஆத்தா சத்தியமா நான் தொடலய்யா" என்றார். யாரும் கேட்கவில்லை. ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். அவர் சுற்றும் முற்றும் பார்த்து, கடைசியில் பெனாசிரைப் பார்த்தார். அவள் வந்தால் கேட்காமலேயே தேநீர் வாங்கி வைக்கிற மனிதர்.

"தாயி, நீ காலையிலருந்து இங்கனதேன இருக்க. நீயாவது சொல்லு. நான் வயரைத் தொட்டேனா?"

தொடவில்லை. அவளுக்குத் தெரியும். அவள் கண் முன்னால் அவர் சாமான் அறையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் அபுபக்கர் அவளை முறைத்தார், சீனிச்சாமி அவளை முறைத்தார், கூடமே அவள் வாயைப் பார்த்தது. இல்லை என்றால், நம்ம பிள்ளையே நம்மைக் காட்டிக்கொடுக்கிறாள் என்பார்கள் பாய்மார். ஆமாம் என்றால் அது பாவம். அவள் தலையைக் குனிந்து கணினித் திரையைப் பார்த்தாள். அதில் 'இணைகிறது' என்றே இருந்தது.

அன்று சாயங்காலமே சுருளியாண்டியிடம் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வரும் வெள்ளியோடு கணக்கை முடித்துக்கொண்டு தனிக் கூடம் போடுவோம், சுருளியாண்டி மேல் போலீசில் எழுதிக் கொடுப்போம் என்று பாய்மார் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாள் காலை பேருந்திலேயே பேச்சு சுருளியாண்டியை விட்டுவிட்டு, பாய்மாரா மற்றவர்களா என்று வேறு மாதிரி ஓடியது. பெனாசிர் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அலுவலகத்துக்கு வந்ததும் பதிவை எடுத்துப் பார்த்தாள். கம்பத்துக் கணினிகள் இணைப்புக் கேட்டுக் கதவைத் தட்டியிருக்கின்றன. தட்டிய சத்தம் சர்வர் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டியிருக்கின்றன, இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி. சர்வர் 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. அப்படியானால் கம்பி அறுபடவில்லை, யாரும் எதையும் பிடுங்கவில்லை. உள்ளே இருக்கும் எதுவோ காதில் விழுந்தும் விழாததுபோல இருக்கிறது. பழைய போன் மணி அவள் காதுக்குள் அடிக்கத் தொடங்கியது.

இயங்குதளத்தின் அடிவயிற்றில் இருப்பது கெர்னல். எந்த இணைப்பும் அதன் கையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். தான் செய்ததை எல்லாம் கெர்னல் எண்ணி வைத்திருக்கும். அந்த எண்ணிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். நேரமுத்திரை பொருந்தாததால் தள்ளிவிட்ட இணைப்புகள் என்று ஒரு வரி. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எண் இருந்தது. அது என்ன முத்திரை? கெர்னலின் மூல நிரலைத் திறந்தாள். அடுத்த வாரத்து வேலை நாளெல்லாம் அதிலேயே கிடந்தாள். சோறு இறங்கவில்லை. "படிக்கிற காலத்துலகூட நீ இம்புட்டுப் படிக்கலையேடி" என்றாள் அம்மா.

விஷயம் புரிந்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கதவைத் தட்டும் ஒவ்வொரு கணினியும், தான் விழித்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று நேரமுத்திரையாக ஓர் எண்ணைச் சேர்த்து அனுப்பும். அதன் வயசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்துக் கணினிகள் எல்லாம் ஒரே கம்பி வழியாக, ஒரே விலாசத்தில் வருவதால், சர்வருக்கு அத்தனை பேரும் ஒரே ஆள். பெரிய திரை லாட்டுக்கு லாட்டு வந்து, 'நான் விடியக்காலையிலிருந்து விழித்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகும். அதே வாசலில் அபுபக்கரின் கணினி வந்து, 'நான் இப்போதுதான் விழித்தேன்' என்கிறது. ஒரு ஆளுக்கு நிமிஷத்தில் வயசு குறையுமா? இது எப்போதோ அனுப்பி வழியில் தங்கிப்போன பழைய பொட்டலம் என்று முடிவு செய்து, கெர்னல் சத்தமில்லாமல் அதைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு நிமிஷம் பெரிய திரை சும்மா இருந்தால் கெர்னலும் அந்த வயசை மறந்துவிடும். அதனால்தான் தேநீர் நேரத்தில் பேய் பிடிபடவில்லை. அணைக்காத கணினிகள் காலையில், திரை வேலையைத் தொடங்கும் முன்பே உள்ளே போய்விட்டவை. அவை மறுபடி தட்ட வேண்டியதே இல்லை.

சர்வர் வேகமாக ஓடட்டும் என்று, அதை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன இன்ஜினியர் ஒரு அமைப்பைப் போட்டுவைத்திருந்தார். முடிந்துபோன இணைப்புகளைச் சீக்கிரம் துடைத்துப் போடுகிற அமைப்பு. அந்த அவசரம்தான் இப்படி வயசைப் பார்த்து ஆளைத் தள்ளியது. ஒன்று என்றிருப்பதைப் பூஜ்யம் ஆக்கினால் தீர்ந்தது.

கர்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்தது, மீதி புரிய வேண்டியதில்லை என்று நினைத்தார். "சத்தமில்லாம சரி பண்ணிரும்மா. யாருகிட்டயும் மூச்சு விடாத. வெள்ளிக்கெழம ஒழுங்கா நடந்துட்டா தனிக் கூடம், போலீசு எல்லாம் தன்னால அமுங்கிரும்."

"அப்ப சுருளிண்ணே, சார்?"

கர்ணன் மேசையில் கிடந்த ரசீதுகளை அடுக்கத் தொடங்கினார்.

அவள் இடத்துக்கு வந்து கட்டளையை அடித்தாள். விரல் கடைசித் தட்டலுக்கு முன்னால் நின்றுவிட்டது. இப்போது சரி செய்தால் என்ன ஆகும்? சுருளியாண்டியை வெளியே அனுப்பினார்கள், அடுத்த வெள்ளியே எல்லாம் சரியாகிவிட்டது. பார்த்தாயா, அவன்தான் திருடன் என்று ஊர் சொல்லும். அதற்குப் பிறகு அந்த மனிதர் எந்த ஊரில் போய் நிற்பார்? ஏலம் நடக்கும்போது, அவர் இல்லாத கூடத்தில், எல்லோர் கண் முன்னாலும் அந்தக் கோளாறு இன்னொரு முறை நடக்க வேண்டும். பாய்மாருக்கு மட்டும் நடந்தால் போதாது. அடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

வெள்ளிக்கிழமை மடிக்கணினியோடு கம்பம் கூடத்துக்குப் போனாள். ஏலம் தொடங்கும் முன்பே சர்வரோடு இணைப்பை வாங்கி வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் ஓதிக்கொண்டேதான் வந்திருந்தாள். தப்பாகக் கண்டுபிடித்திருந்தால்? ஜும்மா முடிந்து பாய்மார் வந்து உட்கார்ந்தார்கள். எதிர்பார்த்தபடியே அவர்கள் கணினிகள் நின்றன. முணுமுணுப்பு எழுந்தது. அவள் எழுந்து நேராகச் சீனிச்சாமியிடம் போனாள்.

"அண்ணே, உங்க மிஷினை ஒருக்கா அணைச்சுப் போடணும். சோதிக்கணும்."

"எம் மிஷினுக்கு என்ன நோக்காடு? அது பாட்டுக்குக் குதிரையா ஓடுது" என்றார் சீனிச்சாமி. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்ததும் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "எனக்கென்ன, மடியில கனமா? இந்தா, அணைச்சாச்சு, போட்டாச்சு. பாத்துக்கங்க எல்லாரும்."

கணினி விழித்தது. 'இணைகிறது' என்றது. நின்றது.

திரையில் அடுத்த லாட்டு வந்தது. வண்டன்மேட்டுக் காய், நகக்கண் அளவுக்குப் பருத்தது. மாதிரித் தட்டை முகர்ந்தபோதே அதை எடுத்துவிடுவது என்று சீனிச்சாமி தீர்மானித்திருந்தார். பட்டனைத் தட்டினார். மறுபடி தட்டினார். விசைப்பலகையைத் தூக்கி மேசையில் அடித்தார். லாட்டு வேறொருவர் கைக்குப் போனது. அடுத்ததும் போனது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"யாருடா என் வயரைப் புடுங்குனது?" என்று கத்தினார். பின்னால் நின்ற பெனாசிர் மேல் பார்வை விழுந்தது. "நீதேனா? ஒங்க ஆளுகளுக்கு வேலை பாக்குறியா நீ?"

அவள் வாழ்நாளெல்லாம் பயந்த வார்த்தை அதுதான். அது வந்தே விட்டது. அபுபக்கர் மெல்ல எழுந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சீனிச்சாமி, இதே வார்த்தையத்தேன் போன வாரம் நான் கேட்டேன்" என்றார். "நானும் இப்பிடித்தேன் கத்துனேன். அன்னைக்குச் சுருளியக் கேட்டேன். இன்னைக்கு அவன் இங்கன இல்லையேப்பா."

சீனிச்சாமி மேசைக்கு அடியில் குனிந்து தன் வயரைப் பார்த்தார்.

"யாரும் வயரைப் புடுங்கல" என்றாள் பெனாசிர். குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் வந்தது. "ஏலம் ஓடுறப்ப யாரு புதுசா வந்து தட்டினாலும் சர்வரு வெளிய தள்ளுது. பாய், அண்ணே எல்லாம் அதுக்குத் தெரியாது. பாருங்க." மடிக்கணினியில் அந்த ஒரு வரியை அடித்துத் தட்டினாள். ஒன்று பூஜ்யமானது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் செத்துப் பிழைத்தாள். பிறகு சீனிச்சாமியின் திரை மலர்ந்தது, அபுபக்கர் திரை மலர்ந்தது, வரிசையாக எல்லாம் மலர்ந்தன. பெரிய திரை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சீனிச்சாமி அதற்கு மேல் ஏலம் கேட்கவில்லை. ஏலம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்த கர்ணன், சுருளியாண்டியிடம் வாங்கிய சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

சுருளியாண்டி அவமானம் தாங்காமல் மனைவி பாண்டியம்மாளின் ஊரான மயிலாடும்பாறைக்குப் போய்விட்டிருந்தார். மறுநாள் அபுபக்கரும் பெனாசிரும் அங்கே போனார்கள். கதவு சாத்தியிருந்தது. அபுபக்கர் தட்டினார். பதில் இல்லை. பொறுத்து மறுபடி தட்டினார். உள்ளே இருமல் சத்தம் கேட்டது, ஆனால் பதில் இல்லை. இதே மாதிரிதானே அவரும் அன்றைக்குத் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று தோன்றியதும் பெனாசிரால் தாங்க முடியவில்லை.

"சுருளிண்ணே! நீங்க தொடலன்னு எனக்குத் தெரியும்ணே. அன்னைக்கே தெரியும்" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

கதவு திறந்தது. சுருளியாண்டி அபுபக்கரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "தெரிஞ்சும் ஏன் தாயி வாயத் தொறக்கல?"

"பயந்துட்டேண்ணே."

அபுபக்கர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எந் தப்புதேன் சுருளி, எந் தப்புதேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கூடத்தில் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். பெரிய திரை, அதன் வயசு, மற்றவற்றின் வயசு என்று அவர் தனக்குப் புரிந்த மாதிரி சொல்லிக்கொண்டே போனார். பெனாசிர் சாவியை நீட்டினாள். சுருளியாண்டி கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். அவர் முகம் மறுபடியும் கறுத்தது.

"அப்ப காலையில அந்தத் திரைய மொதல்ல போட்டது நான்தேன" என்றார். சாவியைத் தொடவே பயந்தவர்போல அவளைப் பார்த்தார். "சூடம் காட்டி மொதல்ல போட்டேன். தாயி, அப்ப எந் தப்புதேனா?"

"இல்லண்ணே" என்றாள் பெனாசிர், அவர் கேட்டு முடிக்கும் முன்பே.